இல்லாத பிள்ளைக்கும் ஒரு தொட்டில்

தெமோதரை ஸ்டேஷனுக்கு இறங்கும் பாதையில் மூன்றாவது வளைவைத் தாண்டும்போது பை லேசாக இருப்பதாகத் தோன்றியது. நின்று திறந்து பார்த்தேன். இரண்டு சாரம், ஒரு சட்டை, ஸ்வெட்டர், போன் சார்ஜர். எல்லாம் இருந்தது. ஆனாலும் எதையோ விட்டுவிட்டு வந்த மாதிரியே இருந்தது. எது என்று பிடிபடவில்லை. நடந்தேன்.

விட்டுவிட்டுப் போவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். பதுளையில் ஒரு பலசரக்குக் கடை, அப்புத்தளையில் ஒரு பேக்கரி, கொழும்பில் மூன்று சாப்பாட்டுக் கடைகள் எல்லாவற்றையும் சொல்லாமல் கொள்ளாமல் விட்டேன். இந்த முறை விட்டுப் போனது என் மனைவி பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தை. கலியாணம் முடித்து அவளுடைய லயத்துக் காம்பராவிலேயே, அந்த வரிசை வீட்டு அறையிலேயே, குடியேறியவன் நான். கடைசியாகத் திரும்பி வந்தபோது அந்தத் தோட்டத்தில் கான், அதாவது வடிகால், வெட்டும் வேலையில் தொடர்ந்து ஒன்பது மாதம் இருந்தேன். எனக்கு அது பெரிய காலம். பிள்ளை சுமப்பவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுப்பார்கள். எனக்கு அந்தப் பொறுமையும் இல்லை. வெலிமடையில் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்ற ஆள் கேட்கிறார்கள் என்று முந்தின வாரம் யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்கு அது போதும்.

இறங்கும் வழியெல்லாம் ஒரு குரல் காதுக்குள் இருந்தது. "பத்துப் பேரு இருக்காங்க சேர், பத்துப் பேரு." ஆயம்மாவின் குரல்.

ஆயம்மா எங்கள் மேல்கணக்குப் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவர். மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று அந்தத் தோட்டத்துக்கு இரண்டு பிரிவு. நடுவே இரண்டு மைல் இறக்கம். கொழுந்தெடுக்கும் பெண்கள் விடியற்காலை பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் முன் பிள்ளைகளை ஆயம்மாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். பெரட்டில் கூப்பிட்டிருப்பார்கள். நான் கேட்டதில்லை. இப்போது கொழும்புப் பக்கம் மகளோடு இருக்கிறார் என்று கேள்வி.

குள்ளமான ஆள். தோளில் எப்போதும் ஒரு துவாய். பேசும்போது இடுப்பில் ஏதாவது ஒரு பிள்ளை இருக்கும். பிள்ளை இல்லாத நேரத்திலும் அந்த இடுப்பு ஒரு பக்கம் தள்ளியே நிற்கும். கோயில் வரிசையில் தனியாக நிற்கும்போதுகூட அப்படித்தான் நிற்பார். பின்னால் நிற்பவர்கள் அந்த இடுப்பில் பிள்ளையைத் தேடுவார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. காம்பராவில் எத்தனை பிள்ளை என்று யார் கேட்டாலும் ஒன்று கூட்டித்தான் சொல்வார். சரியான எண்ணைச் சொன்னால் கண் விழும் என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள பயம். மற்றவர்கள் "ஏதோ இருக்குதுங்க" என்று மழுப்புவார்கள். ஆயம்மா மழுப்பமாட்டார். ஒரு பிள்ளையை அதிகமாகவே வைத்துவிடுவார்.

"விழுற கண்ணு எங்கயாவது விழத்தானே செய்யும் மாப்புள? அது அந்த இல்லாத பிள்ளை மேல விழுந்துட்டுப் போகட்டும்."

என் மனைவியை வளர்த்தவர் என்பதால் நான் அவருக்கு மாப்பிள்ளை. மரியாதையான உறவு. அதைச் சொல்லித்தான் என்னிடம் தண்ணீர் தூக்கச் சொல்வார், விறகு பிளக்கச் சொல்வார்.

பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த இல்லாத பிள்ளைக்குத் தொட்டிலும் கட்டியிருந்தார். காம்பராவின் விட்டத்தில் இரண்டு வரிசையாக இரும்புக் கொக்கிகள் உண்டு. என் மனைவி கைப்பிள்ளையாக இருந்த காலத்தில் எல்லாக் கொக்கியிலும் சேலைத் தொட்டில் தொங்குமாம். ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குப் போக ஆயம்மா குனிந்தே போவாராம். நான் கடைசியாகத் திரும்பி வந்தபோது மொத்தம் ஒன்பது பிள்ளைகள். அதில் ஒன்று என் மகன், மூன்று வயது. ஆறு பேர் பாயில் படுப்பார்கள். தொட்டிலில் தூங்குவது மூன்று. தொங்குவது நான்கு. நான்காவது ஜன்னலோரத்தில், கழுவிக் கஞ்சி போட்ட பச்சைச் சேலையில்.

ஒருமுறை தண்ணீர் கொண்டுபோய் வைத்தபோது சும்மா அதை ஆட்டிவிட்டேன். அகப்பையால் கையில் ஒன்று விழுந்தது.

"வெறுந் தொட்டில ஆட்டாத மாப்புள! பிள்ளைக்கு வயித்துவலி வரும்."

"எந்தப் பிள்ளைக்கு ஆயம்மா?"

"வர்ற பிள்ளைக்கு."

"அது யாரோடது?"

"ஒங்க அப்பன் வீட்டுது. போ, வெறகப் பொள."

எங்கள் அப்பன் வீட்டில் உண்மையிலேயே பிள்ளைகள் அதிகம்தான். எட்டுப் பேர். நான் ஏழாவது. அம்மா என்னைக் கூப்பிடுவதென்றால் மூத்தவன் பெயரில் தொடங்கி வரிசையாக ஆறு பெயரைச் சொல்லிவிட்டுத்தான் என் பெயருக்கு வருவாள். அதற்குள் நான் வேறு எங்கேயாவது போயிருப்பேன். என் ஓட்டத்துக்கு அதுதான் காரணம் என்று சில நாள் என்னையே தேற்றிக்கொள்வதுண்டு. மற்ற ஏழு பேரும் அவரவர் இடத்திலேயே இருக்கிறார்கள் என்பதை அப்போது நினைப்பதில்லை.

அந்த எட்டுப் பேர் காலத்தில் ஆயம்மாவுக்கு வேறொரு வேலையும் இருந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் இருந்து லொறி வரும். கருத்தடை 'ஓப்பரேஷனுக்கு' பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். லயம் லயமாகப் போய், "போதும்டி, ஒடம்பப் பாரு" என்று பேசி ஏற்றிவிட்டவர் ஆயம்மாதான். போன சிலருக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்றே சரியாகத் தெரியாது என்று இன்றைக்கும் பேச்சு உண்டு. வாய் சும்மா இருக்காமல் ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன்.

பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை.

"எனக்குச் சொன்னத நான் சொன்னேன். எனக்கே முழுசாச் சொல்லல."

ஒரு கல்லை எடுத்து எறிந்துவிட்டு, "மொத லொறியில மொத ஆளா நாந்தான் ஏறுனேன். எம் பொண்ணுக்கு அப்ப ரெண்டு வயசு. கூப்புடுற ஆளே ஏறலேன்னா யாரு ஏறுவா?" என்றார்.

பருப்பில் நானும் கல் பொறுக்கினேன். கல்லோடு கொஞ்சம் பருப்பையும் எறிந்துவிட்டேன் என்று பேச்சு வாங்கினேன்.

அப்படி 'போதும்' சொல்லித் திரிந்த அதே வாய்தான் நான் திரும்பி வந்த வருடம் 'இன்னொண்ணு' என்று லயம் லயமாகக் கேட்டுத் திரிந்தது. யாரும் கேட்பதாக இல்லை. பெண்கள் பாதிப் பேர் கொழும்புக்குப் போயிருந்தார்கள்; இருந்தவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒருநாள் தண்ணீர்ப் பீலியடியில் என் மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் வாளிகளோடு வரிசையில் நின்றேன். ஆயம்மா வந்தார்.

"ஏண்டி, ஒம் பயலுக்கு மூணு வயசாச்சே. தொணைக்கு ஒண்ணு வேணாமா?"

"தொணைக்குத்தான் காம்பராவுல ஒம்போது பேரு இருக்காங்களே ஆயம்மா."

"பத்து."

"அந்தப் பத்தாவத என்னையப் பெத்துக் குடுக்கச் சொல்றீங்களா? கண்ணு படட்டும்னு நேந்துவிட்ட பிள்ளைய?"

பீலியைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆயம்மா விடவில்லை. "வாயப் பாரு. ஒண்ணே ஒண்ண வச்சிக்கிட்டு என்ன செய்யப் போற?"

"ஒண்ணுன்னா டவுன் ஸ்கூலுக்கு வேன்ல அனுப்புவேன். ரெண்டுன்னா ரெண்டும் நடந்து போகும்."

"நடந்தா காலு தேஞ்சிருமா?"

"இவரும் எட்டுப் பேரோட நடந்துதான் ஸ்கூலுக்குப் போனாரு. பாருங்க, இன்னும் நிக்கல."

வாளி நிறைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

எனக்கு இரண்டாவது பிள்ளை வேண்டும் என்று ஆசைதான். ஆசைப்படுவது சுலபம். சுமப்பது, பெறுவது, பெற்ற பிள்ளையை மழையில் போர்த்திப் பிள்ளைக்காம்பராவுக்குத் தூக்கிப்போவது, நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று போன் போட்டுக் கேட்பது எல்லாம் அவள் வேலை. அன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஒரு வருசம் ஒரே எடத்துல இருங்க. அப்புறம் பேசலாம்."

"ஆயம்மாவுக்காகவா?"

"ஆயம்மாவுக்குப் பத்து வேணும். எனக்கு ஆளு வேணும்."

ஒன்பது மாதம் தாக்குப் பிடித்தது அந்தப் பேச்சால்தான்.

அப்புறம் தோட்டத்து ஒப்பீசில் இருந்து கடிதம் வந்தது. ஆயம்மாவுக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் கண்ணாடியைக் காணவில்லை என்று என்னிடம் நீட்டினார். கண்ணாடி அவர் தலையில் இருந்தது. பத்துப் பிள்ளைகளுக்குக் குறைந்த காம்பராக்களை மூடி, கீழ்க்கணக்கோடு சேர்க்கப் போகிறார்கள். ஓர் அதிகாரி நேரில் வந்து தலை எண்ணுவார். குறைந்தால் மறுநாளே மூடிவிடுவார்கள்.

"நமக்கென்ன ஆயம்மா, பத்து இருக்கே," என்றேன், சுவரில் தொங்கிய வருகைப் புத்தகத்தைப் பார்த்து. ஒவ்வொரு காலையும் அழகான எழுத்தில் பத்து, பத்து, பத்து.

"புத்தகத்துல இருக்கு," என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எழுதும்போதும் ஒன்று கூட்டியே எழுதியிருக்கிறார். ஏமாற்ற நினைத்து எழுதியதல்ல. கண்ணுக்குப் பயந்தவர் புத்தகத்தில் மட்டும் சரியான எண்ணை எழுதிவிடுவாரா? நாற்பது இருந்தபோது நாற்பத்தொன்று எழுதினால் யாருக்கும் ஒன்றுமில்லை. ஒன்பது இருக்கும்போது எழுதிய பத்து, பொய்யாகிவிட்டது.

மூடினால் ஆயம்மாவுக்கு என்ன ஆகும் என்று கடிதத்தில் இல்லை. அவர் அதைத்தான் இரண்டு தடவை தேடச் சொன்னார்.

"ஒரு பிள்ளைதானே?" என்றேன். "அத நான் கொண்டாறேன்."

என் வாழ்க்கையில் நானாக ஏற்றுக்கொண்ட பொறுப்புகள் குறைவு. அவற்றில் இது ஒன்று. கீழ்க்கணக்கில் என் அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுடைய கடைசிப் பிள்ளைக்கு நாலு வயது. ஒரு நாளைக்கு இரவல் கேட்டேன்.

"பிள்ளையை எல்லாம் இரவல் குடுப்பாங்களாடா?"

"நாலு மணிக்குத் திருப்பிக் கொண்டாந்து விட்டுர்றேங்க்கா."

"சட்டைய அழுக்காக்காத," என்று சொல்லித் தந்தாள்.

அதிகாரி பத்து மணிக்கு வந்தார். இளம் ஆள், நல்ல மாதிரி. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தோம். ஆயம்மா புதுச் சேலை கட்டியிருந்தார். வழக்கமாக ஒன்று கூட்டிச் சொல்லும் வாய் அன்றைக்குத்தான் உள்ளதைச் சொல்ல வேண்டியிருந்தது. "பத்துப் பேரு இருக்காங்க சேர், பத்துப் பேரு," என்றார்.

அதிகாரி ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். கண் விழுமே என்று ஆயம்மா ஒவ்வொரு தொடலுக்கும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். எட்டு, ஒன்பது. பத்தாவதாக இருந்த என் அக்கா மகள் அண்ணாந்து பார்த்து, சந்தோஷமாகக் கேட்டாள்.

"சேர், நேத்து எங்க காம்பராவுக்கு வந்தீங்கதானே? எனக்கு ரெண்டு பிஸ்கட் குடுத்தீங்க. இன்னைக்கு இல்லையா?"

முந்தின நாள் அவர் கீழ்க்கணக்கில் தலை எண்ணியிருக்கிறார். சுற்றி எத்தனையோ தோட்டம் இருக்கிறது. பக்கத்தில் என்ற ஒரே காரணத்துக்காக, அவர் ஏற்கெனவே எண்ணிவிட்ட ஒரு தலையை நான் இரண்டு மைல் தூக்கி வந்திருக்கிறேன்.

அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு ஆயம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கோபப்படவில்லை. நாளைக் காலையில் இருந்து பிள்ளைகளைக் கீழே கொண்டுபோக ஓர் ஆள் போடுவார்கள்; ஆயம்மா விரும்பினால் கீழ்க்கணக்கில் பிள்ளை பார்க்கும் அம்மாவுக்கு உதவியாளாகப் போகலாம் என்றார்.

ஆயம்மா ஒன்று மட்டும் கேட்டார். "சேருக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஒண்ணும்மா."

"அடுத்தது?"

"போதும்னு நெனச்சிருக்கோம்."

"அப்ப சரி," என்றார் ஆயம்மா. "எண்ணுறவரு வீட்டுலயே எண்ணுறதுக்கு இல்ல."

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இருந்திருப்பேன். மத்தியானக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு நான் போகும் முன்பே செய்தி போய்விட்டது. என் மனைவி கூடையை இறக்கி வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"ஒரு பிள்ளைய ஒழுங்கா இரவல் வாங்கத் தெரியல. இந்த மனுசனுக்குச் சொந்தமா இன்னொண்ணு வேணுமாம்."

கங்காணிகூட சிரித்தார். நான் நேரே எங்கள் லயத்துக் காம்பராவுக்குப் போய்ப் பையை எடுத்தேன்.

தெமோதரையில் ஒரு பிளேன்டீ குடித்தேன். பண்டாரவளைக்கு ரயில், அங்கிருந்து வெலிமடைக்கு பஸ். பதுளையில் இருந்து வரும் ரயில் முதலில் ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கத்தில் புகுந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, பிறகுதான் மேலே பிளாட்போமுக்கு வரும். காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. இனிச் சில நிமிடம். எழுந்து பையைத் தோளில் போட்டேன். போன் அடித்தது. அக்கா.

"தம்பி, மணி நாலாகுது. பிள்ள எங்கடா?"

விட்டுவிட்டு வந்தது எது என்று அப்போது தெரிந்தது.

ரயில் சுற்றி மேலே வந்தபோது நான் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். வேலையை, ஊரை, கடையை மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரவல் வாங்கிய பிள்ளையை மறந்துவிட்டுப் போனவன் ஊவா மாகாணத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆயம்மா தொட்டில்களை அவிழ்த்து, எந்தச் சேலை எந்தத் தாயுடையது என்று பார்த்து மடித்துக்கொண்டிருந்தார். ஒன்று மட்டும் அவிழ்க்காமல் தொங்கியது. ஜன்னலோரப் பச்சைச் சேலை. அதற்குள் அக்கா மகள் தூங்கினாள். நாலு வயதுக் கால்கள் இரண்டும் முழங்கால்வரை வெளியே தொங்கின. ஆயம்மா ஒரு கையால் மடித்தபடி, மறு கையால் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க போயிட்டு வர்ற?"

"வெலிமடைக்கு."

"அதுக்குள்ளயா?"

எனக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் தந்தார்.

"நாளையில இருந்து பிள்ளைங்களக் கீழ கூட்டிப்போக ஆளு கேக்குறாங்க," என்றார். "பொம்பளைங்க எல்லாம் கொழுந்துக்குப் போறாளுக. ஆம்பளைங்க வெக்கமா இருக்குதுங்குறானுங்க."

"அதுக்கு?"

"ஒனக்கு நடக்கத்தானே வேணும்? காலையில ரெண்டு மைலு எறக்கம், சாயந்தரம் ரெண்டு மைலு ஏத்தம். நடந்துகிட்டே இரு. சாயந்தரம் வீட்டுல நிப்ப."

எனக்கு ஏற்ற வேலையை எனக்கு எடுத்துச் சொன்ன முதல் ஆள் அவர்தான். ஐந்து கடை முதலாளிகளுக்குத் தெரியாமல் போனது அது.

பிள்ளையைத் தோளில் போட்டுக் கீழே இறங்கினேன். சட்டை அழுக்கு என்று அக்கா திட்டினாள். திரும்பி வந்தபோது என் மனைவி வாசலில் நின்றாள்.

"ரயில் போயிருச்சா?"

"இல்ல. பிள்ளைய மறந்துட்டுப் போயிட்டேன்."

"எந்தப் பிள்ளைய?" என்றாள்.

உள்ளே என் மகன் சோற்றுக்குள் விரலை விட்டுக்கொண்டிருந்தான். நான் பையை இறக்கி ஆணியில் மாட்டினேன். மூன்று மாதம் இன்னும் பாக்கி என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பெரட்டு முடிந்ததும் கிளம்பினோம். ஒரு கைப்பிள்ளை என் முதுகில் கொழுந்துக் கூடைக்குள், ஒன்று என் தோளில், ஒன்று ஆயம்மாவின் இடுப்பில். மற்ற ஆறு பேரும் அந்தப் பச்சைச் சேலையை வரிசையாகப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். முன்னால் என் மகன். தேயிலைக்குள் நின்ற பெண்கள் கூவிக் கூவிச் சிரித்தார்கள். என் மனைவியின் சிரிப்பு தனியாகக் கேட்டது. ஒவ்வொரு வளைவிலும் நின்று எண்ணினேன். ஒரு தடவை எட்டுதான் வந்தது. கூடையை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறேன்.

கீழ்க்கணக்குக் காம்பரா வாசலில் அந்தப் பிரிவு அம்மா புத்தகமும் பேனாவுமாக நின்றார்.

"எத்தனை?"

ஆயம்மா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.

"பத்து," என்றேன்.

அந்த அம்மா பேனாவால் காற்றில் குத்திக் குத்தி எண்ணினார். "ஒம்போதுதானே நிக்குது?"

"ஒண்ணு மெதுவா வருதுங்க," என்றேன்.

அவர் எங்களைத் தாண்டி, நாங்கள் இறங்கி வந்த பாதையை எட்டிப் பார்த்தார்.